பள்ளிபாளையம் வட்டாரத்தில் பட்டப்படிப்பு தேவைப்படாத வேலைகள்

நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்திலும் அதைச் சூழ்ந்த குமாரபாளையம், திருச்செங்கோடு, ஈரோடு பகுதிகளிலும் கல்லூரிப் பட்டம் பெறாதவர்கள் நல்ல ஊதியம் தரும் வேலைக்குச் செல்லும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது. இவ்வட்டாரத்தில் பள்ளிப் படிப்போடு நின்றவருக்கு வேலை கிடைப்பது கடினமன்று. பதினெட்டு வயதான ஒருவர் விரும்பினால் அடுத்த வாரமே ஒரு தறிப்பட்டறையில் சேர்ந்து கூலி வாங்கலாம். அந்தக் கூலி ஆண்டுக்கு ஆண்டு உயர்வதில்லை என்பதே சிக்கல். ஐந்தாண்டு அனுபவம் உள்ளவரும் இருபதாண்டு அனுபவம் உள்ளவரும் ஒரே மீட்டர் கணக்கில் கூலி பெறும் நிலை விசைத்தறியில் வழக்கமானது.

பட்டம் இல்லாமலே நல்ல ஊதியம் பெறுவோரைப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டு பொருத்தங்கள் தெரியும். ஒன்று, அவர்களுடைய கைத்திறனுக்கு அரசு ஏற்கும் ஒரு சான்று இருக்கும். இரண்டு, ஓரிடத்திலிருந்து விலகி இன்னோரிடம் செல்ல அவர்களுக்குத் தடை இருக்காது. முதலாவதைத் தொழிற்பயிற்சியும் உரிமங்களும் தருகின்றன. இரண்டாவதைப் பெரும்பாலும் கெடுப்பது முன்பணம்.

ஊரும் தொழில்களும்

பள்ளிபாளையம் காவிரியின் கிழக்குக் கரையில், ஈரோடு நகருக்கு எதிரே அமைந்துள்ளது. இரு ஊர்களையும் ஆற்றுப் பாலங்கள் இணைக்கின்றன. முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 1997 சனவரி 1 அன்று நாமக்கல் மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்ந்தது. மாவட்டத் தலைநகரைவிட ஈரோடே இவ்வூர் மக்களுக்குச் சந்தையாகவும் மருத்துவமனையாகவும் வேலைத்தலமாகவும் பக்கத்தில் உள்ளது.

ஊரின் முதன்மைத் தொழில் விசைத்தறி. லுங்கி, துண்டு, வேட்டி, சேலை, ரேயான் துணி போன்றவை இங்கு நெய்யப்பட்டு ஈரோட்டுச் சந்தை வழியாக வெளியூர் செல்கின்றன. 1960-இல் தொடங்கப்பட்ட சேஷசாயி காகித ஆலையும், அதற்குக் கரும்புச் சக்கை தரும் ஏற்பாட்டோடு ஓடப்பள்ளியில் அமைந்த பொன்னி சர்க்கரை ஆலையும் இவ்வட்டாரத்தின் பெரிய ஆலைகள். திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும், நாமக்கல் லாரி, டேங்கர் தொழிலுக்கும் பெயர் பெற்றவை. ஆற்றுக்கு அக்கரையில் ஈரோடு ரயில் சந்திப்பும், அதன் டீசல், மின்சார எஞ்சின் பணிமனைகளும் உள்ளன. சில மணி நேரப் பயணத்துக்குள் இத்தனை வகைத் தொழில்கள் இருப்பது இவ்வட்டாரத்தின் வாய்ப்பு.

தறி வேலையில் கூலியின் அமைப்பு

விசைத்தறிப் பட்டறையில் வேலைகள் பலவகைப்படும். நூலைப் பாவாக ஓட்டுதல், சைசிங்கில் கஞ்சி ஏற்றுதல், பாவு பிணைத்தல், தார் சுற்றுதல், தறி ஓட்டுதல், தறி பழுது பார்க்கும் மேஸ்திரி வேலை, நெய்த துணியை மடித்துச் சரிபார்த்தல் ஆகியவை அவற்றுள் சில. தறி ஓட்டுபவர் ஒரே நேரத்தில் பல தறிகளைக் கவனிக்கிறார். பகல், இரவு என இரு ஷிப்ட்களாகப் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்வது வழக்கம். கூலி பெரும்பாலும் நெய்த மீட்டர் கணக்கில் வார இறுதியில் கொடுக்கப்படுகிறது.

மீட்டர் கூலியில் வருமானம் கையின் வேகத்தை மட்டும் பொறுத்ததன்று. மின்தடை, நூல் விலை ஏற்றம், துணி தேக்கம், பாவு வரத் தாமதம் ஆகிய எதனால் தறி நின்றாலும் அந்த நேரத்துக்குக் கூலி இல்லை. கூலி உயர்வு தனிநபர் திறமையால் வருவதும் அரிது. தொழிற்சங்கங்களும் உரிமையாளர் சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பேசி முடிக்கும் சதவீத உயர்வே எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கிறது. தீபாவளி போனசும் இவ்வாறே பேசி முடிக்கப்படுகிறது.

முன்பணம்

தறிப்பட்டறையில் சேரும்போது உரிமையாளர் தரும் கடன் முன்பணம் அல்லது அட்வான்ஸ் எனப்படுகிறது. திருமணம், மருத்துவச் செலவு, வீட்டு வாடகை முன்தொகை, பழைய கடன் எனக் குடும்பத்தின் பெரிய செலவுகள் இதில்தான் சமாளிக்கப்படுகின்றன. வங்கியில் பிணை கேட்கும் இடத்தில், பட்டறையில் உழைப்பே பிணையாகிறது. வட்டி இல்லாத கடன் என்பதால் இது உதவியாகவே தோன்றும்.

இதன் விலை வேறு இடத்தில் வசூலாகிறது. முன்பணத்தைத் திருப்பித் தராமல் வேறு பட்டறைக்குச் செல்ல முடியாது. புதிய உரிமையாளர் பழைய உரிமையாளருக்குப் பணத்தைக் கட்டி ஆளை அழைத்துக்கொள்வது உண்டு. அப்போது கடன் தீர்வதில்லை, இடம் மாறுகிறது. எடுத்துக்காட்டாக, 50,000 ரூபாய் முன்பணம் பெற்றவரிடம் வாரம் 250 ரூபாய் பிடித்தால் கடன் தீர 200 வாரங்கள், அதாவது ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகும். அதற்குள் மீண்டும் ஒரு செலவு வந்து கடன் கூடிவிடுவதே பெரும்பாலும் நடப்பது. அந்த நான்கு ஆண்டுகளில் இரண்டு ஆண்டுப் பயிற்சிக்கோ, வேறு ஊர் வேலைக்கோ அவரால் போக முடியாது. கணவன், மனைவி இருவர் பெயரிலும் முன்பணம் இருந்தால் குடும்பம் முழுதும் ஒரே பட்டறையோடு கட்டுப்படுகிறது.

கடன் முற்றினால் நேரக்கூடியதை 2025-ஆம் ஆண்டு நிகழ்வுகள் காட்டின. பள்ளிபாளையம் பகுதியில் கடனில் இருந்த விசைத்தறித் தொழிலாளர்களிடம் இடைத்தரகர்கள் பணம் காட்டிச் சிறுநீரகம் பெற்றதாகப் புகார்கள் எழுந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. உடலுறுப்பை விலைக்கு வாங்குவதும் விற்பதும் 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி குற்றமாகும்.

முன்பணம் பெற்ற காரணத்தால் வேறு வேலைக்குச் செல்லும் உரிமையை ஒருவர் இழந்தால், அது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரக்கூடும். கொத்தடிமைக் கடன் என முடிவானால், அதைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பே சட்டப்படி அற்றுப்போகிறது. இதற்கான புகாரை மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ தரலாம்.

ஊதியத்தை ஒப்பிடும் முறை

வாரக் கூலியையும் மாதச் சம்பளத்தையும் கையில் வரும் தொகையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் தவறான முடிவு கிடைக்கும். ஆண்டுக் கணக்கே சரியான அளவுகோல். எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு நாள் கூலி 800 ரூபாய் என்றும், ஆண்டில் 240 நாள் வேலை கிடைக்கிறது என்றும் கொண்டால், ஆண்டு வருமானம் 1,92,000 ரூபாய். மாதச் சராசரி 16,000 ரூபாய்.

இன்னொருவருக்கு ஆலையில் 15,000 ரூபாய் மாதச் சம்பளம். அதில் வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதமும் இஎஸ்ஐக்கு 0.75 சதவீதமும் பிடித்தால் கைக்கு வருவது 13,087 ரூபாய் 50 காசு. முதலாமவரைவிடக் குறைவாகவே தெரியும். ஆனால் பிடித்த 1,800 ரூபாய் அவர் பெயரில் சேமிப்பாகிறது. நிறுவனம் தன் பங்காக இன்னொரு 1,800 ரூபாயும், இஎஸ்ஐக்கு 3.25 சதவீதமாக 487 ரூபாய் 50 காசும் செலுத்துகிறது. ஆக அவருடைய உண்மையான மாத ஊதியம் 17,287 ரூபாய் 50 காசு. குடும்பத்தில் ஒருவர் நோயுற்றால் இஎஸ்ஐ மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். பத்தாண்டுப் பணிக்குப் பிறகு ஓய்வூதியத் தகுதியும் உண்டு. மருத்துவச் செலவுக்காக முன்பணம் வாங்கும் தேவை குறைவதே இதன் பெரிய பயன்.

எனவே புதிய வேலையில் சேருமுன் கேட்டறிய வேண்டியவை: ஆண்டில் எத்தனை நாள் வேலை உறுதி, வைப்பு நிதியும் இஎஸ்ஐயும் உண்டா, சம்பளம் நிறுவனத்தின் பெயரில் வருகிறதா அல்லது ஒப்பந்தக்காரர் பெயரில் வருகிறதா, ஆண்டு உயர்வு உண்டா, மூன்று ஆண்டுகளுக்குப் பின் இதே வேலையில் இருப்பவர் என்ன வாங்குகிறார்.

தொழிற்பயிற்சி நிலையங்கள்

பட்டம் இல்லாதவர்களுக்கான சான்றுகளில் மிகப் பரவலாக ஏற்கப்படுவது தொழிற்பயிற்சி நிலையங்கள் எனப்படும் ஐடிஐகளின் தேசியத் தொழிற்சான்றிதழ் ஆகும். இந்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-இல் தொடங்கியது. ஈரோடு, நாமக்கல், சேலம் ஆகிய இடங்களில் அரசு ஐடிஐகள் உள்ளன. சேலத்தில் மகளிருக்கெனத் தனி நிலையமும் உண்டு.

பிட்டர், எலக்ட்ரீசியன், டர்னர், மெஷினிஸ்ட், மோட்டார் மெக்கானிக் போன்றவை இரண்டாண்டுப் பிரிவுகள். டீசல் மெக்கானிக், வெல்டர் ஆகியவை ஓராண்டில் முடிபவை. பெரும்பாலான பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வெல்டர், வயர்மேன் போன்ற சிலவற்றுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். சேர்க்கைக்கான குறைந்த வயது 14. ஆண்களுக்கு 40 வயது வரை இடமுண்டு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. பத்தாண்டு தறி ஓட்டியவரும் இதில் சேரலாம் என்பது பலர் அறியாத செய்தி.

அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாத உதவித்தொகையாக 750 ரூபாய், மிதிவண்டி, சீருடை, பாடநூல், பேருந்துச் சலுகை அட்டை ஆகியவை வழங்கப்படுகின்றன. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்து மேற்படிப்பு தொடரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கின. இவை ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் பொருந்தும். தமிழ்நாட்டின் 71 அரசு ஐடிஐகள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து தொழில் 4.0 தரத்துக்கு உயர்த்தப்பட்டு, ரோபோ, சிஎன்சி இயந்திரப் பயிற்சிகளும் சேர்க்கப்பட்டன.

தனியார் ஐடிஐயில் சேர்பவர்கள், தாங்கள் சேரும் பிரிவுக்கு தேசிய அளவிலான என்சிவிடி ஏற்பு உள்ளதா எனப் பார்ப்பது முக்கியம். ஏற்பு இல்லாத சான்றிதழ் ரயில்வே போன்ற தேர்வுகளில் பயன்படாது.

தொழில் பழகுநர் பயிற்சி

ஐடிஐ முடித்தவுடன் நேரடியாகச் சிறு பட்டறைக்குச் செல்வதைவிட, ஓராண்டு தொழில் பழகுநராக இருப்பது பின்னாளில் பயன் தருகிறது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட விதிகள், கல்வித் தகுதிக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்த அளவு உதவித்தொகையை வரையறுத்தன. ஐடிஐ சான்று பெற்றவருக்கு அது 7,000 ரூபாய். பயிற்சியின் முடிவில் தேர்வெழுதித் தேசியத் தொழில் பழகுநர் சான்றிதழ் பெறலாம்.

ஐடிஐ படிக்காதவர்களும் பழகுநராகச் சேரலாம் என்றாலும் பிரிவுகள் குறைவு. தெற்கு ரயில்வே நடத்தும் பழகுநர் சேர்க்கையில் எழுத்துத் தேர்வு கிடையாது. மதிப்பெண் அடிப்படையிலேயே ஆள் எடுக்கப்படுகிறது. ரயில்வேயில் பழகுநர் பயிற்சி முடித்தோருக்கு, பின்னர் வரும் முதல்நிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கப்படுகிறது.

தறித் தொழிலுக்குள் உயரும் வழிகள்

ஊரை விட்டுச் செல்ல இயலாதவர்களுக்குத் துணித் தொழிலுக்குள்ளேயே உயரும் வழிகள் உள்ளன. மீட்டர் கூலியிலிருந்து மாதச் சம்பளத்துக்கு மாறுவதே அவற்றின் பொது இயல்பு.

தறி மேஸ்திரி: தறி ஓட்டுபவர் கவனித்துப் பழகி மேஸ்திரி ஆவது பழைய வழக்கம். நாடா இல்லாத ரேப்பியர், ஏர்ஜெட் தறிகள் வரும் இடங்களில் மின்னணுப் பலகைகளையும் கணினித் திரையையும் கையாளத் தெரிந்த மேஸ்திரி தேவைப்படுகிறார். எலக்ட்ரீசியன் அல்லது பிட்டர் ஐடிஐயுடன் தறி அனுபவமும் சேர்ந்த ஒருவருக்கு இங்கு முதலிடம் உண்டு.

பாய்லர் இயக்குபவர்: சைசிங், சாயப்பட்டறை, காகித ஆலை, சர்க்கரை ஆலை ஆகிய எல்லாவற்றிலும் நீராவி தேவை. தகுதிச் சான்று பெற்றவர் பொறுப்பில்தான் பாய்லர் இயங்க வேண்டும் என்பது விதி. இச்சான்றில் இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு என இரு நிலைகள் உண்டு. பாய்லரில் உதவியாளராக வேலை செய்த அனுபவத்தைக் காட்டித் தேர்வெழுத வேண்டும். சட்டமே ஆளைக் கேட்பதால் இந்த வேலைக்கு எப்போதும் தேவை இருக்கிறது.

நெசவுத் தொழில்நுட்பப் பட்டயம்: சேலத்தில் உள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு உள்ளது. இதை முடித்தவர்கள் ஆலைகளில் மேற்பார்வையாளராகவும், வடிவமைப்பாளராகவும், துணியின் தரம் பார்ப்பவராகவும் பணிபுரிகின்றனர்.

ரிக் வண்டியும் லாரியும்

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் செல்கின்றன. ஒரு ரிக்குக்கு டிரைவர், துளையிடும் டிரில்லர், உதவியாட்கள், பணம் வசூலித்துக் கணக்குப் பார்க்கும் மேனேஜர் எனக் குழு உண்டு. உதவியாளாகச் சேர்ந்தவர் டிரில்லராகவும், பின்னர் மேனேஜராகவும் உயர்வது இத்தொழிலில் நடைமுறை. சாப்பாடும் தங்குமிடமும் வண்டியோடு அமைவதால் சம்பளத்தில் பெரும்பகுதி மிச்சமாகும். மாதக்கணக்கில் வீட்டை விட்டு இருத்தல், இரவு வேலை, பாறைத் தூசு ஆகியவை இதன் சுமைகள். தூசு நுரையீரலைப் பாதிக்கும் என்பதால் முகமூடி இன்றித் துளையிடும் இடத்தருகே நிற்பது ஆபத்தானது. கம்ப்ரசர், ஹைட்ராலிக் பழுது பார்க்கத் தெரிந்த டீசல் மெக்கானிக்குகளுக்கு ஊரிலேயே வேலை உண்டு.

லாரி ஓட்டுநராக வர, 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு கழிந்த பிறகே போக்குவரத்து வாகனத்துக்கான பழகுநர் உரிமம் கிடைக்கும். முன்பு இருந்த எட்டாம் வகுப்புத் தகுதி 2019-இல் நீக்கப்பட்டது. ஆகவே பள்ளிப் படிப்பு முடியாதவருக்கும் இது திறந்த வழி.

ஓட்டுநர்களிலும் சான்று ஊதியத்தைப் பிரிக்கிறது. நாமக்கல்லின் எரிவாயு டேங்கர் லாரிகளை ஓட்ட, அபாயகரமான பொருள்களைக் கொண்டுசெல்வதற்கான பயிற்சி முடித்து உரிமத்தில் பதிவு பெற வேண்டும். இப்பதிவு மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். சில நாள் பயிற்சியால் கிடைக்கும் இப்பதிவு இல்லாதவரை எரிவாயு நிறுவனங்களின் வாயிலுக்குள் அனுமதிப்பதில்லை.

மின் வேலை

வீட்டு ஒயரிங் வேலையைக் கூடவே இருந்து கற்றவர்கள் இவ்வட்டாரத்தில் பலர். அவர்கள் சான்று இல்லாததால் ஒப்பந்தக்காரரின் கீழ் நாள் கூலிக்கே வேலை செய்கின்றனர். இவர்களுக்கென வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை நடத்துகிறது. ஒயரிங் தொழிலில் ஐந்தாண்டுக்குக் குறையாத செய்முறை அனுபவமும் 21 வயதும் வேண்டும். உச்ச வயது வரம்பு இல்லை. கற்ற கைத்தொழிலையே அரசுச் சான்றாக மாற்றும் வழி இது. எலக்ட்ரீசியன், வயர்மேன் ஐடிஐ முடித்தவர்களுக்கு மின்வாரியக் கள உதவியாளர் போன்ற பணிகளுக்கும் விண்ணப்பிக்கும் தகுதி உண்டு.

அரசுத் தேர்வுகள்

பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோ ஐடிஐயோ போதுமான அரசுப் பணிகள் சில:

உதவி லோகோ பைலட்: பத்தாம் வகுப்புடன் உரிய பிரிவில் ஐடிஐ அல்லது பட்டயம் வேண்டும். தொடக்க அடிப்படை ஊதியம் 19,900 ரூபாய். அகவிலைப்படியும் பிற படிகளும் தனி. 2024-இல் வெளியான அறிவிப்பில் பணியிடங்கள் பின்னர் 18,799 ஆக உயர்த்தப்பட்டன. தேர்வைத் தமிழில் எழுதலாம். கண்ணாடி இன்றி முழுப் பார்வை வேண்டும் என்பதால், தயாரிப்பைத் தொடங்கும் முன்பே கண் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

ரயில்வே முதல்நிலைப் பணிகள்: தண்டவாளப் பராமரிப்பு முதலியவை. அடிப்படை ஊதியம் 18,000 ரூபாய்.

இரண்டாம் நிலைக் காவலர்: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. ஊதிய விகிதம் 18,200 ரூபாயில் தொடங்குகிறது. எழுத்துத் தேர்வுடன் உடற்தகுதித் தேர்வும் உண்டு.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4: கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் முதலியவை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. இவ்விரு பணிகளுக்கும் ஊதிய விகிதம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது. பட்டதாரிகளும் பெருமளவில் எழுதுவதால் போட்டி மிகக் கடுமை.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் இத்தேர்வுகளுக்கு இலவச வகுப்புகள் நடைபெறுகின்றன. ஒரே தேர்வை நம்பி ஆண்டுக்கணக்கில் வேலைக்குப் போகாமல் இருப்பதைவிட, ஐடிஐ வேலையிலோ பழகுநர் பயிற்சியிலோ இருந்துகொண்டே எழுதுவது குடும்பத்துக்குப் பாதுகாப்பானது.

பெண்களின் நிலை

தறிப்பட்டறைகளில் பெண்கள் தார் சுற்றுதல், மடித்தல் போன்ற வேலைகளைச் செய்கின்றனர். தறியும் ஓட்டுகின்றனர். தார் சுற்றும் கூலி தறிக் கூலியைவிடக் குறைவு. பெரும்பாலும் கணவரின் முன்பணத்தோடு மனைவியின் வேலையும் கட்டுண்டிருக்கும். தையல், கணினி இயக்குதல் போன்ற ஓராண்டு ஐடிஐ பிரிவுகளைப் பெண்கள் அதிகம் தேர்ந்தெடுக்கின்றனர். எலக்ட்ரீசியன், பிட்டர் பிரிவுகளில் சேரும் பெண்களுக்கு ரயில்வேயிலும் ஆலைகளிலும் கூடுதல் வாய்ப்பு உண்டு. பெண்களுக்கு ஐடிஐகளில் 30 சதவீத இட ஒதுக்கீடு உள்ளது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்வதால், ஈரோட்டுக்கோ திருச்செங்கோட்டுக்கோ தினமும் சென்று வரும் செலவு குறைந்துள்ளது.

ஓசூர், திருப்பெரும்புதூர் மின்னணு ஆலைகள் பன்னிரண்டாம் வகுப்பு, ஐடிஐ முடித்த பெண்களை விடுதி வசதியுடன் எடுக்கின்றன. இவற்றுள் பல ஒப்பந்த வேலைகள். ஒப்பந்தக் காலம், விடுதிப் பிடித்தம், நிரந்தரமாகும் வாய்ப்பு ஆகியவற்றைச் சேருமுன் எழுத்தில் கேட்டுப் பெறுவது தேவை.

வெளிநாட்டு வேலை

வெல்டர், பிட்டர், எலக்ட்ரீசியன், கனரக ஓட்டுநர் ஆகியோருக்கு வளைகுடா நாடுகளில் தேவை உண்டு. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் கடவுச்சீட்டு, குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகையில் அமைகிறது. அவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் முன் அனுமதி பெற வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால் இந்நடைமுறை இல்லை. எனவே தவறிய பாடத்தைத் தனித்தேர்வராக எழுதி முடிப்பது இங்கும் உதவுகிறது.

பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே. இலட்சக்கணக்கில் கேட்பவரோ, சுற்றுலா விசாவில் அனுப்புபவரோ சட்டப்படியான முகவர் அல்லர். 1978-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நேரடியாகவும் ஆள் எடுக்கிறது. வெளிநாடு செல்ல வட்டிக்கு வாங்கும் கடன் முன்பணத்தின் இன்னொரு வடிவமாகிவிடக்கூடும்.

எல்லைகளும் மேற்படிப்பும்

பட்டம் இல்லாத வழிக்கும் ஓர் எல்லை உண்டு. ஆலைகளில் மேற்பார்வையாளருக்கு மேல் செல்லப் பட்டயமோ பட்டமோ கேட்கப்படும். ஆயினும் ஐடிஐ அந்தக் கதவை அடைப்பதில்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பட்டயம் முடித்தவர் பொறியியல் படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். சம்பாதித்துக்கொண்டே படி ஏற இதுவே சுருக்கமான வழி. தொலைநிலைக் கல்வியில் பட்டம் பெற விரும்புவோர் பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையைக் காக்க வேண்டும். இடையில் ஒன்றைத் தாண்டிப் பெற்ற பட்டத்தைத் தமிழ்நாடு அரசுப் பணிகளுக்கு ஏற்பதில்லை.

முன்பணம் உள்ள குடும்பங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் தறியை விட்டு வெளியேற முடியாது. அடுத்த தலைமுறையில் ஒருவரை முன்பணம் வாங்காமல் காத்து, இரண்டு ஆண்டுகள் ஐடிஐக்கு அனுப்புவதே அத்தகைய வீடுகளுக்கு இயலக்கூடிய முதல் படி. கட்டணம் இல்லாததால் அதன் செலவு, அந்த இரண்டு ஆண்டுகளில் வீட்டுக்கு வராமல் போகும் வாரக் கூலி மட்டுமே. மாதம் 750 ரூபாயும், தகுதி உள்ளவர்களுக்குக் கிடைக்கும் 1,000 ரூபாயும் அதில் ஒரு பகுதியை ஈடுசெய்கின்றன. பத்தாம் வகுப்பு முடிவுகள் வரும் கோடை வாரங்களில்தான் ஐடிஐ விண்ணப்பங்களும் பெறப்படுகின்றன. பட்டறைகளிலிருந்து வேலைக்கு அழைப்பு வருவதும் அதே வாரங்களில்தான்.